வழிகாட்டிக்குத் தரும் பணம் வீணா?

ஆசிரியருக்கு,

பழைய இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், "பலகையைப் படித்தால் போதாதா, வழிகாட்டி எதற்கு?" என்கிறார்கள். நானும் முன்பு அந்தக் கட்சிதான். இத்தாலியின் பொம்பெய் நகரில் முதல் ஒரு மணி நேரம் தனியாகச் சுற்றினேன். எல்லாம் ஒரே மாதிரி மொட்டைச் சுவர்கள். வெயில் வேறு.

அப்புறம் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டேன். தெருவின் குறுக்கே கிடந்த பெரிய கற்களை அவர் காட்டினார். கழிவுநீர் ஓடிய தெருவைக் கால் நனையாமல் கடக்கப் போட்டவையாம். நடுவில் விட்ட இடைவெளி வண்டிச் சக்கரங்களுக்கு. பக்கத்திலேயே சக்கரம் தேய்த்த தடம்! நான் அதே கற்களை இரண்டு முறை தாண்டிப் போயிருந்தேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊரில் திடீரென்று ஆள் நடமாட்டம் தெரிந்தது.

கதை அளப்பவர்களும், பாதியில் கடைக்கு இழுத்துப் போகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. உரிமம் பெற்றவரா என்று பார்த்து, நேரத்தையும் கட்டணத்தையும் முன்பே பேசிவிட்டால் பாதித் தொல்லை குறையும். உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இதைப் பற்றியும் எழுதலாமே.

– ஒரு வாசகர்