வேலூரின் கொம்பு எங்கே போச்சு?

காட்பாடி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இங்கே அடிக்கிற வெயிலில் மத்தியானம் ஃபேன் காற்றே சுடுகிறது, பேனா பிடிக்கவே மனசு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன்னை விசாரித்தாள். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். மணல்தான்.

கணினி நிரல்மொழியான பைத்தானின் விளக்க ஆவணத்தில் ஏதோ தப்பு கண்ணில் பட்டது, எழுதி அனுப்பினால் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். என் கதையைக் கேள்.

எங்கள் தெரு நூலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் போட்டேன். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று எண்ண ஒரு சின்ன நிரல். சொற்களைப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறையில், ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்குப் பின்சாய்கோட்டோடு ஒரு சின்ன டபிள்யூ (\w) போடுவோமே, அதைத்தான் போட்டேன். வேலூர் என்று கொடுத்தால் வ, ல, ர என்று மூன்று துண்டாக வந்து விழுந்தது. காட்பாடி க, ட, ப, ட. ஆரணி ‘ஆரண’ என்று நின்றுவிட்டது. காலும் கொம்பும் புள்ளியும் போன இடம் தெரியவில்லை.

வந்த கோபத்தில் ‘தமிழ் சரியாக வேலை செய்யவில்லை’ என்று பைத்தான்காரர்களுக்கு மொட்டையாக ஒரு வரி புகார் எழுதி அனுப்பினேன். பதில் போட்டவர் பொறுமைசாலி. எந்த வெர்ஷன், என்ன கொடுத்தாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அப்புறம்தான் நிரலை வெட்டி வெட்டி இரண்டு வரியாக்கினேன். வெட்டும்போதே காரணமும் பிடிபட்டது. வேலூர் நமக்கு மூன்றெழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 6 என்கிறது, ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘ல’ ஒன்று, அதன் சுழி இன்னொன்று. ‘ல’ எழுத்து வகை, சுழியும் புள்ளியும் ஒட்டுக்குறி வகை. அந்த டபிள்யூ எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் சேர்த்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ஒரு மாறிக்கு வேலூர் என்று பெயர் வைத்துப் பார், பைத்தான் 3 மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்! வாசலில் ஒரு நியாயம், கூடத்தில் ஒரு நியாயம்.

தேடிப் பார்த்தால், இதை 2011-லேயே ஒருவர் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார். தேடாமல் எழுதினது என் தப்புதான்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது நிரல் இல்லை, ஆவணம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பைத்தானின் பழைய 3.8 பதிப்புக்கான ஆவணம். எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய பெரும்பாலான எழுத்துகளை அந்த டபிள்யூ ஏற்கும் என்று அதில் இருந்தது. அதை நம்பித்தான் ஒரு ராத்திரி முழுக்க என் நிரலிலேயே குற்றம் தேடினேன். பிறகு வந்த பதிப்புகளில் அந்த வரியை மாற்றி, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார்கள். பைத்தானின் நடத்தை மாறவில்லை, வரி மாறியது. எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். அதனால் ‘ஆவணத்தில்தானே தப்பு’ என்று நீ தயங்குவது எனக்குப் புரியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பாடத்தில் கொடுத்த எடுத்துக்காட்டு உன் கணினியில் ஓடவில்லை, அவ்வளவுதானே? நீ வாசிப்பது எந்தப் பதிப்பின் ஆவணம், உன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் எழுது. 2022-இலிருந்து பைத்தான் பிழைகள் எல்லாம் அங்கேதான். வெறும் எழுத்துப்பிழை என்றால் புகார்கூட வேண்டாம், திருத்தத்தையே அனுப்பலாம். ஆவணமும் நிரலோடு ஒரே இடத்தில், ‘டாக்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. முதல் தடவை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார்கள், மிரளாதே. உன் இங்கிலீஷைப் பற்றியும் கவலைப்படாதே. ஓடுகிற மாதிரி இரண்டு வரி நிரல் வைத்தால் மீதியை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நூலகப் பட்டியலுக்கு நான் ‘ரெஜெக்ஸ்’ என்ற தனித் தொகுப்பைப் போட்டுக்கொண்டேன். அதில் வேலூர் வேலூராகவே வருகிறது. எண்ணிப் பார்த்தால் காட்பாடிக்காரர்களைவிடக் குடியாத்தத்துக்காரர்கள் அதிகம், எனக்கே ஆச்சரியம்.

தீபாவளிக்கு வருவாய்தானே? சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக ஒரு நடை போகலாம், ஆம்பூர் பிரியாணி என் செலவு. அதற்குள் எழுதி அனுப்பிவிட்டால் அந்தப் புகாரின் எண்ணை எனக்கும் எழுது. என்ன பதில் வருகிறது என்று நானும் போய்ப் பார்க்கிறேன்.

உன்
குமரன்