கையை நீட்டிக் காட்டு

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் குழந்தையைத் தூக்கும்போது உன் முகம் ஒரு நொடி சுளித்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "ஒன்றுமில்லைம்மா, கட்டை விரல் பக்கம் கொஞ்சம் வலி, தானாகச் சரியாகிவிடும்" என்றாய். அந்த "ஒன்றுமில்லை"யை நானும் நிறைய சொல்லியிருக்கிறேன். அதனால்தான் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

என் வலது கையில் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு வருடம் தெரியாது. ராத்திரி விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். விறுவிறுவென்று இருந்து அடங்கும், மறுபடி படுப்பேன். அந்த இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்க டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஒன்றுமில்லை டாக்டர்" என்பேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது கை மரத்துப்போவதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று ஒரு கூச்சம்.

ஒரு நாள் பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக் காற்றை ஏற்றியபோது விரல்கள் மரத்துவிட்டன. நான் உதறியதை டாக்டர் கவனித்துவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொன்னார். வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றியிருந்தது. தினமும் பார்க்கிற கை, எனக்கே தெரியவில்லை. "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் அந்த நரம்பின் கணக்கு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால்தான் ராத்திரியில் தொல்லை கூடுகிறது. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், படுக்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கிற ஸ்பிளிண்ட் போட்டே பார்த்திருக்கலாம். நான் போன நிலைமையில் ஆபரேஷன்தான் வழி. மரப்பு போய்விட்டது. வற்றின சதை முழுதாகத் திரும்பவில்லை. பட்டன் போடும்போது இன்றைக்கும் தெரிகிறது.

உன்னுடையது வேறு மாதிரி. நீ காட்டிய இடம் கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அங்கே வலி வருவது சகஜம். கட்டை விரலுக்குப் போகும் இரண்டு தசைநாண்களின் உறை தடித்துப்போவதால் வருவது. 1895-ல் டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், நோய்க்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. உனக்கு இருப்பது அதுதானா என்பதை டாக்டர் கையைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அவனை அக்குளில் கட்டை விரலை விரித்துக் கொடுத்துத் தூக்காதே. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைப் பிட்டத்துக்கும் கீழே விட்டு, அள்ளுகிற மாதிரி எடு. போனில் கட்டை விரலால் டைப் செய்வதையும் குறைத்துக்கொள். மோதிரம் இறுக ஆரம்பித்தால் வீங்கும்முன் கழற்றி வைத்துவிடு.

அடுத்த வாரம் உனக்கு செக்கப் இருக்கிறது இல்லையா, உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலில் கை வலியைச் சொல். கிளம்பும்போது கதவருகில் நின்று சொன்னால் பார்க்க நேரமிருக்காது. எந்த இடத்தில், எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. மாத்திரை எழுதினால் பால் கொடுப்பதை ஞாபகப்படுத்து. அப்புறம், பி.பி. பார்க்கும்முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துச் சும்மா உட்கார். படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாதே.

இன்னொன்று. நகத்து ஓரத் தோலைப் பல்லால் கடிக்கும் பழக்கம் உன்னை விடவில்லை என்று நேற்றே பார்த்தேன். நகச்சுத்து அங்கிருந்துதான் கிளம்பும். ஆரம்பம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் மூன்று நான்கு தடவை விரலை ஊறவைத்தால் பெரும்பாலும் அடங்கும். சீழ் கட்டினால் நீயே ஊசியால் குத்தாதே. விரல் முழுக்க வீங்கி, மடங்கியபடியே நின்று, நீட்டவே முடியாமல் வலித்தாலோ, சிவப்புக் கோடு கையில் மேலே ஏறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்காதே.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். என் கையைப் பதித்துச் சுற்றிக் கோடு வரைந்தது. எந்தெந்த விரல் மரக்கிறது என்று அன்றைக்கு டாக்டர் என்னை இப்படி ஒரு படத்தில்தான் பென்சிலால் தீட்டச் சொன்னார். நீயும் உன் கையை வைத்து வரைந்து, வலிக்கிற இடத்தைத் தீட்டி எடுத்துப் போ. டாக்டர் பார்த்தபின் அதை எனக்கு அனுப்பு. பக்கத்தில் இடம் இருந்தால், அவன் தூங்கும்போது அந்தக் குட்டிக் கையையும் வைத்து வரைந்துவிடு.

அன்புடன்,
அம்மா