கவரைப் பிரித்துப் பாருங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு கடையில் போன வாரம் நடந்தது. அவரை போட்டிருக்கும் ஒரு அம்மா, கொடியின் நுனியைக் கிள்ளி பிளாஸ்டிக் கவரில் எடுத்து வந்தார். "அண்ணா, கொடியெல்லாம் பேன் அப்பிக்கிச்சு. கூடவே கருப்பா, முள்ளு முள்ளா ஒரு புழுவும் ஊருது" என்றார். கவர் மேசைமேலேயே கிடந்தது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. இரண்டு பாட்டில் வந்தது. "டேங்குக்கு ஒவ்வொரு மூடி, ரெண்டையும் கலந்து அடிச்சிடும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கவருக்குள் இருந்த முள்ளுப் புழு பொறிவண்டின் குஞ்சு. குட்டி முதலை மாதிரி நீண்ட உடம்பு, ஆறு கால், முதுகில் ஆரஞ்சுத் திட்டு. அது அவரை இலையைத் தொடாது. அந்த அம்மா பேன் என்று சொன்னது சாறு உறிஞ்சும் அசுவினி. அதைத் தின்று வளர்வது இந்தக் குஞ்சு. கூலி கேட்காமல் வேலை செய்துகொண்டிருந்த ஆளைக் கொல்ல அவர் காசு கொடுத்து மருந்து வாங்கிப் போனார்.

அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. நேராகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து இரண்டையும் கொல்லும். ஆனால் சுருண்ட இலைக்குள் நாலு அசுவினி தப்பித்தால் போதும், பத்தே நாளில் கொடி பழையபடி ஆகிவிடும். அப்போது அதைத் தின்ன ஒரு பொறிவண்டும் இருக்காது. அந்த அம்மா திரும்ப வந்து "மருந்து கேக்கல" என்பார். நீங்கள் இன்னும் கடுமையான பாட்டிலை எடுப்பீர்கள். கத்தரியிலும் தக்காளியிலும் பைரெத்ராய்டு வகை மருந்துகளை மாற்றி மாற்றி அடித்த வயலில் செம்பேன் வெடிப்பதும் இதே கணக்குதான். செம்பேனைத் தின்னும் இன்னொரு வகைப் பேன் முதலில் செத்துவிடுகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பூச்சியைப் பார்த்துவிட்டு மருந்து கொடுங்கள். கல்லாவில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைலென்ஸ் இருக்கட்டும். இலை கொண்டு வராதவரிடம் "இலையோட வாங்க" என்று சொல்லுங்கள்.

பொறிவண்டு எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டும் அதே குடும்பம்தான். நல்ல வண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல மின்னும். எபிலாக்னா மங்கிய செம்பு நிறம், மெல்லிய மயிர் படர்ந்திருக்கும், 28 புள்ளி வரை எண்ணலாம். அதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள். முட்டையை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. இரண்டுமே மஞ்சளாக, நிமிர்ந்து, கொத்தாகத்தான் இருக்கும். சுற்றிலும் அசுவினி இருந்தால் நல்லவனுடையது. இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் மற்றவனுடையது. அதற்கும் உடனே பாட்டில் வேண்டியதில்லை. விடிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது செடியை உலுக்கி சோப்புத் தண்ணீரில் விழவைத்து, முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி எடுத்தாலே சின்னத் தோட்டத்துக்குப் போதும்.

நூல் நுனியில் குண்டூசித் தலை போல நிற்கும் முட்டை, நன்மை செய்யும் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. பூஞ்சை என்று நினைத்து அதற்கும் மருந்து கேட்பவர்கள் உண்டு. உப்பிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. நிறைய அப்படி இருந்தால் மருந்தை மூடி வையுங்கள்.

குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) மாவுப்பூச்சி அழித்தபோது எந்த பாட்டிலும் கைகொடுக்கவில்லை என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபசி என்ற குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். எறும்பை விடச் சிறிய குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். கடல் கடந்து வந்த அந்தக் குளவி இருக்கும் வயலுக்கும் அதே "ரெண்டையும் கலந்து அடிங்க" என்ற சொல்தான் போகிறது. மாமரம் முழுப் பூவில் நிற்கும்போது தத்துப்பூச்சிக்கென்று மருந்தடிக்கச் சொல்வதும் அப்படித்தான். மகரந்தம் சுமக்கும் ஈயும் தேனீயும் செத்த பிறகு "காய் பிடிக்கல" என்று யாரிடம் போய்க் கேட்பது? விவசாயி, வேளாண் அலுவலரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார், உங்களை வாரம் ஒருமுறை பார்க்கிறார். உங்கள் வாய்ச்சொல்தான் அவருக்குச் சிபாரிசு. அதனால்தான் கோபமும் உங்கள் மேல் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வியாபாரத்தைக் கெடுக்க நினைக்கவில்லை. விற்க வேண்டியது வேறு இருக்கிறது. நல்ல வேப்பம்பருப்பு வையுங்கள். கொட்டை சேகரித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதம் தாண்டக்கூடாது. பழையதில் வீரியம் இருக்காது, பிறகு வேம்பின் மேல் பழி விழும். பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி ஒரு ராத்திரி ஊறவைத்து, பால் போல வரும்வரை பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, அன்றைக்கே சாயங்காலம் அடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் வாங்குபவரிடம் அளவோடு சோப்பையும் சொல்லுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் பாத்திக்கு வெறும் தண்ணீர் போகும், கடைசிப் பாத்தி கருகும்.

தக்காளிக் காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி, பூவெடுக்கும்போது வாரம் 2 சிசி டிரைக்கோகிரம்மா அட்டை (புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி பொரிந்து வரும் அட்டை). அட்டையை வெயில் ஏறும் முன்போ சாயங்காலமோ இலைக்கு அடியில் நிழலில் கட்ட வேண்டும். வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தால் குளவி கவருக்குள்ளேயே பொரித்துச் செத்துவிடும். அட்டை கட்டிய வயலில் மருந்து வாசமே கூடாது. இதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பூச்சிக்கும் மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தேவைப்படும்போது எந்தப் பூச்சிக்கு எது, எவ்வளவு என்று மூடிக்கணக்கில் இல்லாமல் மில்லிக்கணக்கில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் தயவுசெய்து பூச்சியைப் பாருங்கள். அடுத்த வாரம் அந்த அம்மா திரும்ப வருவார். கையில் ஒரு கவர் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப்பயிர் விவசாயிகள்