ஆய்வுரைப் போட்டிகளில் கேள்விக்கும் நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய அறிவியல் நாளையொட்டியும் அதற்குப் பின்னரும், சென்னையிலுள்ள பல்கலைக்கழக, கல்லூரி வளாகங்களில் ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொது அரங்கில் எடுத்துரைக்கும் போட்டிகள் நடைபெறுகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால், நான் பார்த்த வரையில், இப்போட்டிகளில் பேசுவதற்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பங்குகூடக் கேள்வி கேட்பதற்கு ஒதுக்கப்படுவதில்லை. இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கல்வி நிறுவனங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இவற்றில் சில, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரை முறையைப் பின்பற்றுபவை. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் காட்டலாம். ஒரு நொடி கூடினாலும் போட்டியிலிருந்து விலக்கப்படுவர். இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை கூற மாட்டேன். நாற்பது ஸ்லைடுகளை வரிவிடாமல் வாசித்துக் காட்டும் கருத்தரங்குகளில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். குறை அந்த மூன்று நிமிடத்தில் இல்லை. அது முடிந்ததும் கைதட்டிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுவதில்தான் இருக்கிறது.

அண்மையில் தென்சென்னையில் நடந்த அத்தகைய போட்டி ஒன்றுக்குப் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய குடியிருப்புகளின் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு மாணவி பேசினார். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்றார் அவர். நீர்வளப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு உடனே கேள்விகள் எழுந்தன. எந்த வரம்பு? குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள நீரைத்தான் இந்நகரில் எத்தனையோ வீடுகளில் புழங்கிக்கொண்டிருக்கிறோம். நீர் மாதிரி எடுத்தது எந்த மாதம்? வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரியில் எடுத்த நீரும், கோடை முழுதும் ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்து வற்றிய ஜூன் மாதத்து நீரும் ஒன்றாகா. அந்த உப்பு குப்பையிலிருந்து கசிந்து வந்ததா, கடல் நீர் உட்புகுந்ததால் வந்ததா? இரண்டிலுமே குளோரைடு என்ற உப்புக்கூறு இருப்பதால், அதன் அளவை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது.

கேட்க வழியில்லை. நிகழ்ச்சி முடிந்து தேநீர் இடைவேளையில் அவரிடம் தமிழில் கேட்டேன். இரண்டு பருவங்களிலும் மாதிரி எடுத்திருக்கிறார். கிணறுகளின் ஆழத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கடல் நீரின் பங்கைப் பிரித்தறிய நீரில் கரைந்த உப்புக்கூறுகளான அயனிகளில் எவற்றின் விகிதத்தைப் பார்த்தார் என்பதையும், தம் தரவு எந்த இடத்தில் போதாமல் நிற்கிறது என்பதையும் தயக்கமின்றி விளக்கினார். மேடையில் ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவர் இவர்தானா என்று எனக்கு வியப்பாக இருந்தது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அவரும் நன்றாகவே பேசினார், அதில் எனக்கு வருத்தமில்லை. நடுவர்களையும் குறை சொல்வதற்கில்லை. கண்முன் வைக்கப்பட்டதற்குத்தானே அவர்களால் மதிப்பெண் இட முடியும்? பேச்சின் மெருகைத் தவிர வேறெதையும் அவர்கள் முன் வைக்க அந்தப் போட்டியின் விதியில் இடமில்லை.

ஆய்வு மாணவர் தம் ஆய்வுக்குக் கணக்குச் சொல்வது இந்நகருக்குப் புதிதன்று. 1913-இல் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்று அவரிடம் கேட்டது. இன்றும் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, துறை ஆசிரியர்களுக்கும் பிற ஆய்வு மாணவர்களுக்கும் ஆர்வமுள்ள வல்லுநர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. நடைமுறையில் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்படுவதோடு சரி. நெறியாளரின் மற்ற மாணவர்களைத் தாண்டி அங்கே வருவோர் குறைவு. ஆய்வேடு ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏறினாலும், பல நூறு பக்க ஆங்கிலத்தை வேளச்சேரியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர் தேடிப் படிக்கப் போவதில்லை. ஆகவே, துறைக்கு வெளியே உள்ளவர்கள் ஓர் ஆய்வாளரை நேருக்கு நேர் சந்திக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இந்தப் போட்டி மேடைதான்.

எனவே, வரும் கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு போட்டியாளருக்கும் மூன்று நிமிட உரைக்குப் பின் ஐந்து நிமிடம் கேள்வி நேரம் ஒதுக்கி, மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதில்களுக்கு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். “இது எனக்குத் தெரியவில்லை, இதை இன்னும் அளக்கவில்லை” என்று நேர்மையாகச் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். நடுவர் குழுவில் வேறு துறைப் பேராசிரியர் ஒருவரும், அந்த ஆய்வால் பயன்பெறக்கூடியவர் ஒருவரும் இடம்பெறலாம். குடிநீர் வாரியப் பொறியாளராகவோ, எண்ணூர் மீனவராகவோ, குடியிருப்போர் நலச்சங்கத்துச் செயலாளராகவோ அவர் இருக்கலாம். தலைப்புக்கு ஏற்றபடி அழைத்தால் போதும். உரையையும் பதிலையும் தமிழில் வழங்க விரும்புவோருக்கு, மதிப்பெண் குறைக்காமல், அதற்கு வழிவிட வேண்டும். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் படிக்க முடிகிறபோது, ஆய்வை மட்டும் தமிழில் சொல்ல முடியாது என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இதற்கு நேரம் போதாது என்று அமைப்பாளர்கள் கூறக்கூடும். இருபது பேர் பங்கேற்றால் கூடுதலாகத் தேவைப்படுவது நூறு நிமிடம். விருந்தினர்களை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வழங்கி, ஒவ்வொருவரையும் வாழ்த்திப் பேசச் சொல்லும் பகுதியைச் சற்றே சுருக்கினால் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
கோட்டூர்புரம், சென்னை – 85.