பென்சில் குறி போட்டுத் தந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான பாடகர் குழுவினருக்கும், எனக்காக ஜெபித்தவர்களுக்கும்,

நேற்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பாடகர் குழு நடத்துநர் பயிற்சியின் கடைசித் தேர்வைத் தாண்டிவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை.

ஆல்ட்டோ வரிசை அக்கா, இந்த மடலில் பாதி உங்களுக்கு. நான் ஒத்திகைக்கு வர முடியாமல் போனபோது என் ஸ்கோரை, அதாவது என் இசைப் பிரதியை, கேட்டு வாங்கிப் போனீர்கள். பத்திரமாக வைத்திருக்கத்தான் என்று நினைத்தேன். வந்து பார்த்தால், நான் போட்டிருந்த மூச்சுக் குறிகள் அத்தனையும் ஒவ்வொருவர் பிரதியிலும் பென்சிலில் ஏறியிருக்கின்றன. நாம் பாடிய கோரலில், அதாவது நான்கு குரலில் பாடும் அந்த ஆராதனைப் பாட்டில், ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று ஒரு வளைகோடு போட்டிருந்தேன் இல்லையா, அதுவும் இருந்தது. டெனர்கள் வழக்கமாக முந்திவிடும் இடத்தில் மட்டும், "கையைப் பார்" என்று சின்ன எழுத்தில் நீங்களாகவே சேர்த்திருந்தீர்கள்.

முதல் சுரத்துக்கு முன்னால் நடத்துநரின் கை எழும்புகிற அந்த ஒரு தட்டிலேயே வேகம், சத்தம், உணர்வு எல்லாம் முடிவாகிவிடும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லித் தந்தார்கள். நேற்று கையை எடுத்தேன். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலும் ஒரே மூச்சாக எடுத்தீர்கள். தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அப்புறம் எனக்கு நினைவில் இல்லை.

நாம் பாடிய கோரல், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய 'மத்தேயு பாடுகள்' படைப்பில் வருவது. பல காலம் பாடப்படாமல் கிடந்த அதை 1829-ல் பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் தன் 20 வயதில் நடத்தினார். வாத்தியக்காரர்களுக்கான பிரதிகளைக் கையால் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் அவருடைய நண்பர் எட்வர்ட் ரீட்ஸ். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர்தான். இனி அந்தப் பெயர் எங்கே வந்தாலும் எனக்கு உங்கள் கையெழுத்துதான் ஞாபகம் வரும், அக்கா.

ஞாயிறு ஆராதனையில் என் இடத்தில் ஆர்கனில் உட்கார்ந்து, காலால் வாசிக்கும் பெடல் பழகாத நிலையிலும் கைகளாலேயே ஒவ்வொரு பாட்டையும் தாங்கிய தம்பிக்கும், சோப்ரானோக்களைத் தனியே கூட்டிப் பழக்கியவர்களுக்கும், தொண்டை கட்டியிருந்தும் வந்து நின்ற பேஸ் அண்ணனுக்கும், ஒத்திகை நேரத்தை மாற்றித் தந்த போதகர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எந்தக் குழுவின் முன் நின்றாலும், முதல் ஒத்திகைக்கு முன்பே எல்லாப் பிரதியிலும் நானே உட்கார்ந்து குறி போட்டுத் தருவேன். இது உங்கள் எல்லோர் முன்னாலும் நான் கொடுக்கும் வாக்கு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிரதிகளைத் திருப்பித் தரும்போது அந்தப் பென்சில் குறிகளை யாரும் அழிக்க வேண்டாம். அடுத்த முறையும் அவற்றைப் பார்த்தே பாடுவோம்.