ஊரறியச் சொன்ன படையெடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 1979-ஆம் ஆண்டு சீன–வியட்நாம் போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாரும் திரும்பிப் பார்க்காத போர் அது. அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் முக்கியமான சங்கதியை என்னால் ஏற்க முடியவில்லை. உலகத்துக்கே தெரியாமல் சீனா போட்ட திட்டத்தை அமெரிக்க உளவுத்துறை மட்டும் மோப்பம் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எதுங்க ரகசியம்? சீனா வியட்நாமை அடிக்கப் போகிறது என்பது சிங்காநல்லூரில் தொழிற்சங்க ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எங்களுக்கே தெரியும்.

நான் நூற்பாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் சங்கத்து ஆட்களில் பாதிப் பேருக்குச் சிற்றலை கேட்கிற பைத்தியம் இருந்தது. எங்கள் லைன் வீட்டு ஓட்டு விளிம்பிலிருந்து பக்கத்துத் தென்னை வரைக்கும் செப்புக் கம்பி இழுத்துக் கட்டி, அதன் வாலை ரேடியோவின் பின்பக்கம் சொருகியிருப்பேன். முள்ளை மயிரிழை நகர்த்தினால் போதும், பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நிலையம் மறைந்து ஏதோ ஒரு அரபு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பீக்கிங் வானொலி 1963 ஆகஸ்டிலிருந்தே தமிழில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மாஸ்கோவுக்கும் தமிழ் ஒலிபரப்பு இருந்தது. இரண்டையும் கேட்டுவிட்டு, எதற்கும் லண்டன் தமிழோசையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

1978 முழுக்க அந்தச் சண்டை காற்றில் நடந்தது. வியட்நாமிலிருந்து சீன வம்சாவளியினர் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஜூலையில் சீனா உதவியை மொத்தமாக நிறுத்தியது. நவம்பர் 3-ஆம் தேதி வியட்நாம் மாஸ்கோவோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டது. டிசம்பர் 25-ஆம் தேதி வியட்நாம் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தன. 1979 ஜனவரி 7-ஆம் தேதி கம்போடியத் தலைநகர் நாம்பென் விழுந்து, சீனாவின் ஆதரவில் இருந்த போல் பாட் ஆட்சி ஓடியது. வியட்நாம் கம்போடியாவுக்குள் இறங்கிய அதே நாளில், தங்கள் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று சீனக் கட்சியின் மக்கள் நாளிதழ் தலையங்கம் எழுதியது. 1962 சீனப் போரை அனுபவித்த நாட்டுக்காரனுக்கு அந்தத் தொனி புதிதல்ல. அடிப்பதற்கு முன்னால் சீனா இப்படிப் படிப்படியாகக் குரலை உயர்த்தும் என்பது நமக்கு வலித்துப் படித்த பாடம்.

அமெரிக்கர்கள் இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பெரும்பகுதி, நாங்கள் கேட்ட மாதிரியே கேட்டுத்தான். வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டு எழுதி மொழிபெயர்ப்பதற்கென்றே அவர்கள் 1941-லிருந்து ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள். பிரிட்டனில் பிபிசிக்காரர்கள் கேவர்ஷாம் என்கிற இடத்தில் அதே வேலையைச் செய்து, இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நேற்று சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் எங்கே வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆட்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. செயற்கைக்கோளுக்கு மட்டும் படத்தோடு கால் பக்கம்!

அதைவிடப் பெரிய வேடிக்கை சீனத் தலைவர் டெங் சியோபிங்கின் அமெரிக்கப் பயணம். அந்த ஜனவரி 1-ஆம் தேதிதான் இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவு ஏற்பட்டது. மாதக் கடைசியில் அவர் வாஷிங்டன் போனார். அதிபர் கார்ட்டரைத் தனியாகச் சந்தித்து, வியட்நாமுக்குப் பாடம் கற்பிக்கப் போகிறோம், குறுகிய காலம், அப்புறம் திரும்பிவிடுவோம் என்று அவரே சொன்னார். கார்ட்டர் மறுநாள், வேண்டாம், நிதானம் தேவை என்று கைப்பட எழுதிய குறிப்பைப் படித்துக் காட்டினார். டெங் மசியவில்லை. வெளியிலும் இதே பாடக் கதையைத்தான் பேசினார். படையெடுக்கப் போகிறவனே உங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, அதை உளவு வெற்றி என்பது எப்படிப் பொருந்தும்?

நம் பக்கம் நடந்ததையும் எழுதியிருக்க வேண்டும். 1962-க்குப் பிறகு முதல்முறையாக நம் வெளியுறவு அமைச்சர் ஒருவர் பீக்கிங் போனது அந்தப் பிப்ரவரியில்தான். ஜனதா ஆட்சியின் அமைச்சர் வாஜ்பாய். 12-ஆம் தேதி போனார். 17-ஆம் தேதி சீனப் படை எல்லையைத் தாண்டியபோது அவர் இன்னும் சீனாவில்தான் இருந்தார், ஹாங்சௌவில். பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்பினார். வியட்நாமுக்கு நண்பன் என்று சொல்லிக்கொண்ட நாட்டின் அமைச்சர் விருந்தாளியாக உள்ளே இருக்கும்போதே அடித்தார்கள். போதாததற்கு, இந்தியாவுக்குக் கொடுத்த அதே பாடம் என்று ஒப்பிட்டும் பேசினார்கள். தமிழ் வாசகர்களுக்காக எழுதும்போது இதை எப்படி விட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, செயற்கைக்கோள் சும்மா என்று நான் சொல்ல வரவில்லை. 1976 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய கேஎச்-11 என்ற உளவுச் செயற்கைக்கோள் பெரிய பாய்ச்சல்தான். அதற்கு முன்பெல்லாம் படச்சுருளை ஒரு குப்பியில் வைத்து மேலிருந்து போட வேண்டும். அது பாராசூட்டில் இறங்கும்போது விமானம் பறந்து போய்க் கொக்கியால் பிடிக்க வேண்டும். பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். அதற்குள் பட்டாளம் இடம் மாறியிருக்கும். கேஎச்-11 படத்தை மின் சமிக்ஞையாகவே கீழே அனுப்பியது. வியட்நாமை ஒட்டிய சீனப் பகுதிகளான குவாங்சியிலும் யுன்னானிலும் படைகள் சேர்வது அமெரிக்கர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆனால் மேகம் மூடினால் அந்தக் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. வடக்கு வியட்நாமில் பிப்ரவரி, மார்ச் என்றால் தாழ்ந்த மேகமும் தூறலும்தான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று விளங்கும். எத்தனை சோடி வந்திருக்கிறது, எது பல் போட்டது, எது சுழி சரியில்லாதது என்று சுற்றி நிற்கிற எல்லோரும் பார்க்கலாம். தரகர்கள் இருவர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிக்க ஆரம்பித்தார்களானால், விலை அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பட்டாளத்தை எண்ணுவது மாட்டை எண்ணுகிற வேலை. எவ்வளவு தூரம் போவார்கள், எப்போது நிறுத்துவார்கள், மூன்றாவது ஆள் குறுக்கே வருவானா என்பதெல்லாம் துண்டுக்குள் இருந்தது.

அந்த மூன்றாவது ஆள் மாஸ்கோ. உண்மையான மதிப்பீட்டு வேலை இங்கேதான் என்பது என் எண்ணம். உங்கள் கட்டுரை இதை இரண்டே வரியில் கடந்துவிட்டது. சோவியத்–வியட்நாம் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒருவர் தாக்கப்பட்டால் உடனே கலந்து பேசி, தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்றுதான் இருக்கிறது. உடனே பட்டாளம் அனுப்புவோம் என்று இல்லை. ஆனால் சீனாவின் வடக்கு எல்லையில் நாற்பதுக்கு மேற்பட்ட சோவியத் டிவிஷன்கள், அதாவது ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கொண்ட பெரும் படைப்பிரிவுகள், நின்றன. பத்து வருஷத்துக்கு முன்னால்தான், 1969 மார்ச்சில், உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காக இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் சுட்டுக்கொண்டு செத்தார்கள். மாஸ்கோ நிஜமாகவே இறங்கினால் அணுகுண்டு வைத்திருக்கிற இரண்டு நாடுகளுக்குப் போர். வாஷிங்டனில் தூக்கம் கெட்டது இதனால்தான்.

டெங் இதற்கும் கணக்குப் போட்டிருந்தார். பிப்ரவரி பின்பாதி என்றால் வியட்நாமில் பெருமழை இன்னும் தொடங்கியிருக்காது. வடக்கே சோவியத் படை பெரிதாக நகர முடியாத குளிர். போதாக்குறைக்கு சோவியத்தை ஒட்டிய சின்ஜியாங் எல்லையோர மக்களைப் பின்னால் நகர்த்தினார்கள். காரியம் சீக்கிரம் முடிந்துவிட்டால் மாஸ்கோ பேச்சோடு நிற்கும் என்பது அவர் கணிப்பு. அப்படியே ஆயிற்று. சோவியத் கப்பல்கள் தென்சீனக் கடலுக்கு வந்தன, விமானத்தில் தளவாடங்கள் ஹனோய்க்குப் போயின, அவ்வளவுதான். அந்தப் போரில் சரியாக மதிப்பிட்டவர் யார் என்று என்னைக் கேட்டால், அமெரிக்க அதிகாரி எவரையும்விட டெங்கைத்தான் சொல்வேன். எனக்குப் பிடிக்காத மனிதர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

அவர் கணக்கு தப்பியது தரையில். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் உள்ளே போனார்கள். கிழக்கே சூ ஷியோ, மேற்கே யாங் டெஸி என்ற சீனத் தளபதிகள் தலைமை. எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோர் எல்லைக் காவலர்களும் உள்ளூர் ஊர்க்காவல் படையினரும்தான். வியட்நாமின் தேர்ந்த டிவிஷன்கள் பல கம்போடியாவில் இருந்தன. அமெரிக்காவோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டிப் பழகிய ஜனங்கள் அவர்கள். குகையும் மலையும் அவர்களுக்கு அத்துப்படி. 1965-லிருந்தே பதவிப் பட்டைகளை ஒழித்துவிட்டிருந்த சீனப் படையில், குழப்பத்தின் நடுவே யார் உத்தரவு போடுகிற அதிகாரி என்று அடையாளம் தெரியாத நிலை. எல்லையோர வியட்நாம் நகரங்களான காவ் பாங், லாவோ காய் விழுந்தன. லாங் சோன் நகரத்துக்கு மார்ச் முதல் வாரம் வரை சண்டை போட வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் போர் விமானங்களைச் சண்டையில் இறக்கவில்லை, கவனியுங்கள். பெரிதாகிவிடக் கூடாது என்கிற பயம் இருவருக்கும் இருந்தது.

சாவு எண்ணிக்கையில் கட்டுரை ஒரே எண்ணை அடித்துச் சொல்கிறது. சீனத் தரப்பில் மட்டும் ஏழாயிரம் என்று கணக்குச் சொல்பவர்களும் உண்டு, இருபதாயிரத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டு அரசும் எதிரியின் பிணத்தை மட்டும் தாராளமாக எண்ணின.

எங்கள் செங்கொடிச் சங்கத்தில் அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் நாடு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சீனாவைத் திட்டுவார். இன்னொருவர் போல் பாட்டின் கொலைகளைப் பற்றி வாயே திறக்காமல் வியட்நாமைத் திட்டுவார். முழு நைட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்த ஒரு வைண்டிங் பையன் என்னைக் கேட்டான்: "அதென்னுங்ணா, நம்ம கொடியும் நம்ம கொடியுமே அடிச்சுக்குதுங்களா?" அந்தக் கேள்விக்குச் சங்கத்தில் யாரிடமும் நேரான பதில் இல்லை. தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் தியாகிகள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு பேர் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காவ் பாங் மாகாணத்தில் பாக் போ என்றொரு இடம். 1941-ல் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் நாடு திரும்பி ஒளிந்திருந்த குகை அங்கேதான் இருக்கிறது. குகைக்கு முன்னால் ஓடும் ஓடைக்கு லெனின் பெயரையும், மேலே நிற்கும் மலைக்கு மார்க்ஸ் பெயரையும் அவரே வைத்தார். 1979-ல் அந்தக் குகையைச் சீனப் படை வெடி வைத்துத் தகர்த்தது. பாலம், கட்டடம் என்று திரும்பிப் போகும்போது இடித்துக்கொண்டே போனார்கள். எந்த உளவு அறிக்கையிலும் இதற்கு அதிக இடம் இருக்காது. எனக்கு அந்தப் போரில் மறக்காதது இதுதான்.

அமெரிக்காவின் பழைய உளவுக் காகிதங்கள் ஒரு கோடிப் பக்கத்துக்கு மேல் 2017-லிருந்து இணையத்தில் கிடக்கின்றன. பேரன் சிலவற்றை எடுத்துப் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தான். நடுநடுவே அழித்த இடங்கள் இருந்தாலும் படிக்க முடிகிறது. உங்கள் கட்டுரையாளரும் போருக்குப் பிறகு வந்த புத்தகங்களோடு நிற்காமல், அன்றன்றைக்கு எழுதிய இந்தக் காகிதங்களையும் பார்த்திருக்கலாம். முடிவு தெரிந்த பிறகு எழுதும்போது எல்லாமே முன்கூட்டித் தெரிந்த மாதிரிதான் தோன்றும்.

கடைசியாக இரண்டு திருத்தம். போர் மார்ச் 5-ஆம் தேதி முடிந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அன்று சீனா படையைத் திருப்பிக்கொள்வதாக அறிவித்தது, அவ்வளவே. வியட்நாம் அன்றைக்குத்தான் நாடு முழுக்கப் படை திரட்ட ஆணை போட்டது. கடைசிச் சீனச் சிப்பாய் வெளியேறியதாகச் சொன்னது 16-ஆம் தேதி. எல்லையில் துப்பாக்கிச் சத்தம் அதற்குப் பிறகும் 1980-கள் நெடுகக் கேட்டது. 1984-ல் எல்லையோர வி சுயென் மலைகளில் நடந்தது சின்னச் சண்டை அல்ல. உறவு சீரானது 1991-ல், தரை எல்லை ஒப்பந்தம் 1999 டிசம்பரில். வியட்நாம் கம்போடியாவை விட்டு வெளியேறியதோ 1989 செப்டம்பரில். சீனா அடித்ததால் அல்ல என்றாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இரண்டாவது, வரைபடத்தில் லாவோ காய் நகரத்தைக் கடற்கரைப் பக்கம் குறித்திருக்கிறது. அது வடமேற்கே, யுன்னானைப் பார்த்த மாதிரி ஆற்றங்கரையில் இருக்கிறது. கடலோரம் இருப்பது மோங் காய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள். வருகிற ஞாயிறு சரியான வரைபடத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை