கிற்றாரும் சின்தசைசரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

றொக் குழுவொன்று இலத்திரனியல் ஒலிக்குப் போனால் கிற்றாரைக் கைவிட்டுவிட்டதென்று உடனே எழுதிவிடுகிறோம். 2000இல் இங்கிலாந்தின் றேடியோஹெட் குழு வெளியிட்ட 'கிட் ஏ' தொகுப்புக்கும் அந்தப் பேச்சு வந்தது. ஆனால் அதன் மூன்றாவது பாட்டை இழுத்துச் செல்வதே பேஸ் கிற்றார்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பாணியை முயல்பவர்களுக்கு இடறக்கூடிய இடம் வேறு. மடிக்கணினியில் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 1024 மாதிரிகளில் விட்டால், வழமையான 44.1 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தில் விசையை அழுத்திக் குறைந்தது 23 மில்லிசெக்கன் கழித்தே ஒலி வரும். 128இல் ஏறக்குறைய 3. தாளம் பிசகுகிறதென்று ட்ரம்ஸ்காரரை ஏசமுன் இதைப் பாருங்கள். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) சின்த் பேஸும் (சின்தசைசரின் அடித்தொனி) 60 ஹேர்ட்ஸ் பக்கம் முட்டினால் இரண்டும் சேறாகிவிடும். ஒன்றை அங்கே குறையுங்கள்.

கோயில் வீதியில் கட்டும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோ, இடமும் வலமும் ஒன்றாகக் கலந்தே வரும். ஸ்டீரியோவில் அகலமாக விரியும் சின்த், அங்கே இடமும் வலமும் ஒன்றையொன்று வெட்டி மெலிந்துபோகலாம். வீட்டிலேயே மோனோவில் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

கணினியை மிக்ஸரில் கொழுவியதும் 'ம்ம்ம்' என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த்தைக் கழற்றாதீர்கள், உயிராபத்து. கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையில் கொழுவும் டீஐ பெட்டியில், ஒலிக் கம்பியின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது.

இசை ஆர்வலர்கள்,
கோண்டாவில்.